தாமாக முன்வந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் கொள்கை பற்றிய தாள் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது அலகில் ‘தன்னார்வ ஒப்பந்தங்கள்’ என்றொரு தலைப்பு. அரசு சட்டம் இயற்றி, ஆய்வாளரை அனுப்பி, அபராதம் விதித்து ஆலைகளைக் கட்டுப்படுத்துவது ஒரு வழி. ஆலைகளே முன்வந்து, ‘இத்தனை ஆண்டுக்குள் இவ்வளவு புகையைக் குறைக்கிறோம்’ என்று அரசுக்கோ நகராட்சிக்கோ எழுதிக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்குப் பாடப்புத்தகம் காட்டிய உதாரணம் ஜப்பான். யோகோஹாமா நகரம் 1964, கிட்டாக்யூஷூ நகரம் 1967, 1972. எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம். வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “கம்பெனிக்காரங்க தானாவா மேம் வந்தாங்க? யாரும் எதுவும் கேக்காமலேயா?”

பொதுமக்களின் அழுத்தம் இருந்தது என்று பதில் சொன்னேன். மணி அடித்தது. வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த ‘பொதுமக்கள்’ என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. யார் அந்தப் பொதுமக்கள்? புத்தகத்தில் மேயர் இருந்தார், நிறுவனம் இருந்தது, அமைச்சகம் இருந்தது. அழுத்தம் மட்டும் வானிலை மாதிரி எங்கிருந்தோ வந்தது.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. நான் ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும் தெருவில் வளர்ந்தவள். என் அம்மா காலையில் எழுந்ததும் வாசலைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பார்ப்பாள். காற்று நம் பக்கம் வீசினால் அன்று துணி துவைக்க மாட்டாள். தவறிப்போய்த் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டால், பள்ளிச் சீருடைச் சட்டையின் தோள்பட்டையில் சாம்பல் பொட்டுப் பொட்டாக இறங்கியிருக்கும். மறுபடி அலசுவாள். அந்த இரண்டாவது அலசலை எந்த மாசு அறிக்கையும் கணக்கில் எடுத்ததில்லை. அதனால்தான் கிட்டாக்யூஷூவின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது துணிக்கொடியிலிருந்து தொடங்குவதைக் கண்டு சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கிட்டாக்யூஷூ என்பது 1963-இல் ஐந்து ஊர்களை இணைத்து உண்டாக்கிய நகரம். அதில் யவாதா இருக்கிறது. 1901-இல் அரசே தொடங்கிய எஃகு ஆலையின் ஊர் அது. பக்கத்தில் தொபாதா. சுற்றிலும் இரும்பு, ரசாயனம், சிமென்ட், மின்சாரம். தோகாய் விரிகுடாவின் இரு கரையும் புகைபோக்கிகள். அந்த ஊர்களில் புகைக்கு நல்ல பெயர் இருந்தது. ‘ஏழு வண்ணப் புகை’ என்று பெருமையாகச் சொல்வார்கள். புகை வந்தால் வேலை இருக்கிறது, வேலை இருந்தால் சோறு இருக்கிறது. இந்தச் சமன்பாட்டைப் போருக்குப் பிந்தைய பசியைக் கண்ட எந்தக் குடும்பமும் எளிதில் கேள்வி கேட்காது.

முதலில் கேட்டவர்கள் தொபாதாவின் நகபாரு பகுதிப் பெண்கள் சங்கத்தினர். 1950-இல், பக்கத்து மின்நிலையத்திலிருந்து வந்த கரித்தூள் துவைத்த துணியை எல்லாம் கறுப்பாக்கியது. அவர்கள் வெறுமனே போய்ப் புலம்பவில்லை. துவைத்த வெள்ளைத் துணிகளைக் கொடியில் போட்டு, எங்கே எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அந்தச் சான்றோடு நகரசபைக்குப் போனார்கள், நிறுவனத்திடமும் போனார்கள். மின்நிலையம் கடைசியில் புகைத்தூளைப் பிடிக்கும் கருவியைப் பொருத்தியது. ஜப்பானில் மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று தேசிய அளவில் சட்டமே இல்லாத காலம் அது. புகைக்கான முதல் தேசியச் சட்டம் வரப் பன்னிரண்டு ஆண்டு பாக்கி இருந்தது.

இந்தப் பெண்கள் சங்கங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவை பெண்ணிய அமைப்புகள் அல்ல. போர்க்காலத்தில் இதேபோன்ற சங்கங்கள்தான் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்களை வரிசையில் நிறுத்தி, போர்முனைக்குப் போகும் ஆண்களை வழியனுப்ப வைத்தன. போர் முடிந்தபின் மறுபடி கட்டப்பட்ட சங்கங்களிலும் சமையல், சிக்கனம், சுகாதாரம், குழந்தை வளர்ப்பு என்பதே நிகழ்ச்சி நிரல். நம் ஊர் மகளிர் மன்றங்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். கோலப்போட்டி நடத்தும் மன்றம் ஒருநாள் புகைபோக்கியை அளக்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்? அப்படி.

1960-களில் அளப்பது தீவிரமானது. தொபாதாவின் சன்ரோகு பகுதியில் கரித்தூள் தயாரிக்கும் ரசாயன ஆலையின் தொல்லை. அங்கிருந்த பெண்கள் சங்கம் சமுதாயக்கூடத்தின் வயதுவந்தோர் வகுப்பில் ‘மாசு’ என்பதையே படிப்புத் தலைப்பாக எடுத்துக்கொண்டது. அவர்களுக்குத் துணைநின்றவர் ஹயஷி எய்தாய் என்ற நகராட்சி ஊழியர். சமுதாயக் கல்விப் பிரிவில் வேலை பார்த்தவர். பின்னாளில் அரசு வேலையை விட்டு எழுத்தாளரானார். அண்டை மாநிலப் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் ஒருவரும் வழிகாட்டினார். பெண்கள் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த தூளைச் சேகரித்தார்கள். வீடு வீடாகப் போய் இருமல், மூச்சிரைப்பு பற்றிக் கேட்டார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எத்தனை நாள் வரவில்லை என்ற கணக்கை எடுத்து, மாசு அளவோடு பொருத்திப் பார்த்தார்கள். கையால் வரைபடம் போட்டார்கள். 1965-இல் தொபாதாவின் பெண்கள் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து, தாங்களே 8 மி.மீ. கேமராவைத் தூக்கி, ‘நீல வானம் வேண்டும்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தன.

இதே 1965-இல் யவாதாவின் ஷிரோயாமா பகுதியில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மாதந்தோறும் விழுந்த தூசியின் சராசரி 80 டன். மிக அதிகமாக 108 டன் வரை பதிவானது. நாட்டிலேயே அதுதான் மோசம். அடுத்த ஆண்டு தோகாய் விரிகுடாவைச் சோதித்தபோது நீரில் கரைந்த ஆக்ஸிஜன் பூஜ்யம் என்று வந்தது. ‘செத்த கடல்’ என்று அதற்குப் பெயர். கப்பலின் உந்துவிசிறிகூட அந்த நீரில் அரித்துப்போகும் என்பார்கள். 1969-இல் ஜப்பானின் முதல் புகைமூட்ட எச்சரிக்கை இந்த நகரத்துக்குத்தான் விடுக்கப்பட்டது.

இப்போது, யோசித்தால் நெஞ்சு கனக்கிற இடத்துக்கு வருகிறேன். இந்தப் பெண்களில் பலரின் கணவர்கள் அந்த ஆலைகளில்தான் வேலை பார்த்தார்கள். வீடு ஆலை கொடுத்தது, சம்பளம் ஆலை கொடுத்தது. மனைவி துண்டறிக்கையோடு நிறுவனத்தின் வாசலுக்குப் போனால், மாலையில் கணவன் மேலதிகாரி முன் நிற்க வேண்டிவரும். தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த நாடுதான் அது. ஆனால் இந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் அவை இல்லை. சங்கத்துக்கு வேலை உறுப்பினர், வேலை போனால் உறுப்பினர் இல்லை. ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்று அவர்கள் ஊரிலும் ஒரு சொல் இருந்திருக்கும். அந்தச் சொல்லை இரவுச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொண்டே மறுநாள் காலை தூசி அளக்கப் போன பெண்களின் துணிவை, கொள்கை ஆய்வு நூல்கள் ‘சமூக அழுத்தம்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகின்றன.

அவர்கள் ஆலையை மூடு என்று கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூடினால் அடுப்பு எரியாது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வடிகட்டியைப் போடு, எரிபொருளை மாற்று, அளவைக் காட்டு என்றார்கள். பேச்சுவார்த்தைக்கு இடம் இருந்த கோரிக்கை அது. எண்களோடு வந்த கோரிக்கையும்கூட. ஒப்பந்தம் என்ற வடிவம் அங்கே முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி மேயர்கள். யோகோஹாமாவில் 1963-இல் சோசலிஸ்ட் கட்சியின் அசுகாதா இச்சியோ மேயரானார். இசோகோ என்ற இடத்தில் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தது. மின்நிலையங்கள் மத்திய அமைச்சகத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. புகையைக் கட்டுப்படுத்த நகராட்சிக்குச் சட்ட அதிகாரமே கிடையாது. ஆனால் மின்நிலையம் வரவேண்டிய நிலம், நகராட்சி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அது கைமாற நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு, தூசிக்கு இவ்வளவு, கந்தகத்துக்கு இவ்வளவு, நகராட்சி கேட்டால் உள்ளே விட வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதி 1964 டிசம்பரில் கையெழுத்து வாங்கினார்கள். ‘தன்னார்வம்’ என்று நாம் படிக்கிற விஷயத்தின் பிறப்பு இதுதான்: அதிகாரம் இல்லாத நகராட்சி, நிலம் தேவைப்பட்ட நிறுவனம், தங்கள் வாசலில் புகை வேண்டாம் என்று நின்ற குடியிருப்பினர்.

இந்த முறை பரவியது. கிட்டாக்யூஷூவில் 1967-இல் முதல் ஒப்பந்தம். 1972-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களோடு ஒரே வீச்சில் கந்தகப் புகையைக் குறைக்கும் ஒப்பந்தம். தேசியச் சட்டம் கேட்டதைவிடக் கடுமையான அளவுகளை அவை ஏற்றுக்கொண்டன. இதற்கிடையில் சட்டமும் மாறிவிட்டிருந்தது. 1967-இன் அடிப்படைச் சட்டத்தில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ‘பொருளாதார வளர்ச்சியோடு இசைந்து’ போக வேண்டும் என்ற வாசகம் இருந்தது. அந்த வாசகத்தை 1970 இறுதியில் நடந்த நாடாளுமன்றத் தொடரில் எடுத்துவிட்டார்கள். ஒரே தொடரில் மாசு குறித்த பதினான்கு சட்டங்கள் நிறைவேறின. அந்தத் தொடரை ‘மாசு நாடாளுமன்றம்’ என்றே அழைக்கிறார்கள். ஆக, 1972-இல் ஐம்பது நிறுவனங்கள் மேசைக்கு வந்தபோது அவற்றின் முதுகுக்குப் பின்னால் சட்டம் நின்றது, முன்னால் வாக்காளர்கள் நின்றார்கள். நகராட்சி தொலைவிலிருந்தே அளவைப் பார்க்கும் கருவிகளையும் பொருத்தத் தொடங்கியிருந்தது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. யவாதா எஃகு ஆலை 1970-இல் வெளியேற்றிய கந்தக ஆக்ஸைடு சுமார் 27,500 டன். 1990-இல் சுமார் 600 டன். பெரும்பகுதிக் குறைப்பு எரிபொருளையும் உற்பத்தி முறையையும் மாற்றியதால் வந்தது. வீணாகப்போன வாயுவைப் பிடித்து மறுபடி எரித்தார்கள், நிறுவனத்துக்கு லாபமும் வந்தது. பாதரசம் படிந்த விரிகுடாச் சேற்றை 1974-இலிருந்து அள்ளினார்கள். 3.5 லட்சம் கன மீட்டர். அந்தச் செலவில் 71 சதவீதத்தை நிறுவனங்கள் ஏற்றன. மீன் திரும்பியது. 1990-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் நகரத்துக்கு விருது கொடுத்தது. ஆனால் 1972 முதல் 1991 வரை நகரத்தில் மாசுக் கட்டுப்பாட்டுக்குச் செலவான சுமார் 80,000 கோடி யென்னில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானது பொதுப்பணம். நிறுவனங்கள் போட்டது மிச்சம். பெண்கள் போட்ட உழைப்புக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி இல்லை. சம்பளமில்லாத வேலையைச் செலவில் எழுதும் வழக்கம் எந்த நாட்டுக் கணக்காளருக்கும் கிடையாதே.

படத்தில் யார் இல்லை என்றும் கேட்க வேண்டும். தொபாதாவின் பெண்கள் பேசியது தாயாக, இல்லத்தரசியாக. அந்த அடையாளம்தான் அவர்களுக்குக் கவசம். அரசியல் பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது, பிள்ளையின் மூச்சைப் பற்றித்தானே பேசுகிறாள். அதே கவசம் ஒரு வேலியும்கூட. கணவனும் வீடும் உள்ள பெண்ணுக்குத்தான் அந்தச் சங்கத்தில் இடம். யவாதாவின் உலைகளுக்கு நிலக்கரி வந்தது சிக்குஹோ சுரங்கங்களிலிருந்து. போர்க்காலத்தில் கொரியர்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து இறக்கிய சுரங்கங்கள் அவை. ஹயஷி எய்தாய் தன் பிற்கால வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்தக் கொரியத் தொழிலாளர்களின் கதையை எழுதுவதிலேயே செலவிட்டார். கரித்தூளைப் பின்தொடர்ந்து போனவருக்கு அந்த வழி தெரிந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிட்டாக்யூஷூவோடு கட்டுரையை முடித்துவிடலாம். நல்ல செய்தி, விருதும் இருக்கிறது. ஆனால் அதே கியூஷூ தீவில், தெற்கே சில மணி நேரப் பயணத்தில், இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

மினமாட்டா. சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை. 1956 மே முதல் தேதி, இனம் தெரியாத நரம்பு நோய் ஒன்று பரவுவதாக ஆலை மருத்துவமனையின் மருத்துவர் ஹோசொகவா ஹஜிமே சுகாதாரத் துறைக்கு முறைப்படி தெரிவித்தார். மீனை உண்டவர்கள் விழுந்தார்கள், பூனைகள் பித்துப் பிடித்துக் கடலில் குதித்தன. 1959 அக்டோபரில் ஹோசொகவா ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை. அதற்கும் அதே நோய் வந்தது. ஆலை நிர்வாகம் அந்தச் சோதனையைத் தொடர விடவில்லை, முடிவை வெளியிடவும் விடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நோயாளிகளின் குடும்பங்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தன. 78 நோயாளிகளுக்கு 23.4 கோடி யென் கேட்டார்கள். மாகாண ஆளுநர் உள்ளிட்ட சமரசக் குழு இடையில் வந்தது. டிசம்பர் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பெயர் ‘மிமாய்கின்’ ஒப்பந்தம். ‘மிமாய்’ என்றால் நோயாளியைப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பது. நாம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவோமே, அந்த மாதிரிப் பணம். இழப்பீடு அல்ல, ஏனென்றால் இழப்பீடு என்றால் குற்றம் இருக்க வேண்டும். இறந்தவருக்கு 3 லட்சம் யென். உயிரோடு இருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். குழந்தைக்கு ஆண்டுக்கு 30,000. ஆலைதான் காரணமில்லை என்று தெரியவந்தால் பணம் நிறுத்தப்படும் என்றது நான்காவது விதி. ஆலைதான் காரணம் என்று எதிர்காலத்தில் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்றது ஐந்தாவது விதி. பூனையின் முடிவைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு அந்த ஐந்தாவது விதியை எழுதியிருக்கிறார்கள்.

அதே டிசம்பரில் ஆலை ‘சைக்ளேட்டர்’ என்ற கழிவுநீர் சுத்திகரிப்புக் கருவியைத் தொடங்கி வைத்தது. விழாவில் நிறுவனத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். அந்தக் கருவி பாதரசத்தை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல. பாதரசம் வந்த பிரிவின் கழிவு அதன் வழியாகப் போகவும் இல்லை. ஒப்பந்தம் ஆயிற்று, கருவி ஆயிற்று, பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போயின. கழிவு இன்னும் எட்டரை ஆண்டுகள் கடலுக்குப் போயிற்று. 1968 மே மாதம், அந்தத் தொழில்நுட்பம் காலாவதியான பிறகு, ஆலை அந்த உற்பத்தியை நிறுத்தியது. செப்டம்பரில் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது.

இந்த எட்டரை ஆண்டுகளுக்குள் தாய்மார்களின் கதை இருக்கிறது. மினமாட்டாவின் மீனவக் கிராமங்களில் கழுத்து நிற்காத, பேச்சு வராத குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். மூளை வாதம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். இந்தக் குழந்தைகள் மீன் சாப்பிட்டதில்லை, தாய்க்கும் பெரிய அறிகுறி இல்லை, நஞ்சுக்கொடி விஷத்தை உள்ளே விடாது என்பது அன்றைய பாடம். மருத்துவர் ஹராதா மசசுமி அப்போது இளைஞர். ஒரு வீட்டுத் திண்ணையில் இரு சிறுவர்களைப் பார்க்கிறார். அண்ணனுக்கு மினமாட்டா நோய், தம்பிக்கு மூளை வாதம் என்கிறாள் தாய். ஏன் அப்படி என்று அவர் கேட்க, தம்பி மீன் தின்றதில்லை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், நான் தின்றேனே, வயிற்றில் இருந்த இவனுக்குப் போயிருக்காதா என்கிறாள் அவள். 1962 நவம்பரில் 16 குழந்தைகளுக்குக் கருவிலேயே வந்த மினமாட்டா நோய் என்று அங்கீகரித்தார்கள். மருத்துவ உலகம் அதுவரை நம்பிவந்த ஒரு பாடத்தை மீன் கழுவும் பெண்கள் திருத்தினார்கள். அந்தத் தாய்மார்கள் சிலரிடம் நோய் லேசாக இருந்ததன் பொருளும் அப்போதுதான் புரிந்தது: விஷத்தைக் குழந்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் தன் மூத்த மகளை ‘எங்கள் செல்வம்’ என்றே அழைத்தது. அவளுக்குப் பின் பிறந்தவர்கள் நன்றாக இருந்ததற்குக் காரணம் அவள் என்று அவர்கள் நம்பினார்கள்.

ஜப்பானில் தொப்புள்கொடியை உலர்த்தி, சின்னப் பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. நம் பக்கம் தாயத்தில் அடைப்பதைப் போல. மினமாட்டாப் பெண்கள் பெட்டிகளிலிருந்து அந்தக் கொடிகளை எடுத்துக் கொடுத்தார்கள். எந்த ஆண்டு பிறந்த குழந்தையின் கொடியில் எவ்வளவு மெத்தில் பாதரசம் என்று அளந்தபோது, அந்த ஏற்ற இறக்கம் ஆலையின் உற்பத்தி ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போனது. நிறுவனத்தின் ஆவணங்கள் சொல்லாததைப் பெண்களின் பீரோ சொல்லிற்று.

இந்த ஊரின் இல்லத்தரசி ஒருவர், இஷிமுரே மிச்சிகோ, நோயாளிகளின் வீடுகளுக்கு நடந்து நடந்து போய்க் கேட்டதை 1969-இல் ‘குகாய் ஜோதோ’ என்ற நூலாக்கினார். 1973-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் 20 அன்று குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம், நோயாளிகளின் வறுமையையும் அறியாமையையும் பயன்படுத்திக்கொண்டு செய்த மிமாய்கின் ஒப்பந்தம் பொது ஒழுங்குக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இரண்டும் ஒரே நாடு, ஒரே தீவு. இரண்டும் தாமாக எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள்தாம். தொபாதாவில் எண்கள் பெண்களின் கையில் இருந்தன. மினமாட்டாவில் எண் ஆலையின் பெட்டியில் இருந்தது. தொபாதாப் பெண்கள் ஆலைத் தொழிலாளியின் மனைவிகள், வாக்காளர்கள், நகரத்தார். மினமாட்டாவில் இருந்தவர்கள் ஓலைக்குடிசை மீனவர்கள், அவர்களின் நோய் தொற்றும் என்று ஊர் ஒதுக்கியிருந்தது. ஆண்டு முடிவு நெருங்கியது, அரிசி வாங்கக் காசில்லை. பசியோடு இருப்பவரிடம் நீட்டப்படும் பேனா எப்படி எழுதும் என்பதற்கு நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை.

பின்னாளில் இந்தத் ‘தன்னார்வம்’ உலகம் முழுக்க ஒரு நாகரிகமானது. போபாலில் 1984 டிசம்பர் இரவு ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, ரசாயனத் தொழில்துறை 1985-இல் கனடாவிலும் 1988-இல் அமெரிக்காவிலும் ‘பொறுப்புள்ள அக்கறை’ என்ற பொருளில் பெயர் சூட்டிய திட்டமொன்றைத் தொடங்கியது. நாங்களே எங்களைத் திருத்திக்கொள்கிறோம், சட்டம் வேண்டாம் என்பது அதன் உட்பொருள். அமெரிக்காவில் கிங், லெனாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் கணக்குப் பார்த்தபோது, திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் சேராதவற்றைவிட வேகமாக மேம்படவில்லை என்று தெரிந்தது. மீறினால் தண்டனை இல்லை, யாரும் வெளியிலிருந்து அளக்கவும் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது: எப்படியும் நடந்திருக்கக்கூடிய முன்னேற்றத்தைத் தாண்டி இத்தகைய ஏற்பாடுகள் சாதித்தது சொற்பம். அதே 2003-இல்தான் இந்திய அரசு, அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களோடு ‘நிறுவனப் பொறுப்புச் சாசனம்’ ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டியலில் தோல் பதனிடும் தொழில் உண்டு, சாய உற்பத்தி உண்டு. அனல்மின் நிலையமும் உண்டு. அம்மாவிடம் அப்படி ஒரு சாசனம் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவள் கொடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொடைக்கானல் நினைவுக்கு வருகிறது. பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2016-இல், முன்னாள் தொழிலாளர்களும் குடும்பங்களுமாக 591 பேர் சார்பில் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. நிறுவனம் கொடுத்த தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. அது ‘மனிதாபிமான அடிப்படையில்’ கொடுக்கப்பட்டது. அந்தச் சொல்லைப் படித்தபோது மிமாய் என்ற சொல்லை எப்படித் தமிழாக்குவது என்ற என் குழப்பம் தீர்ந்தது. (அந்தத் தொழிலாளர்கள் பெற்றதைக் குறைத்துச் சொல்லவில்லை. அது அவர்கள் போராடி வாங்கியது.)

அடுத்த பருவத்தில் அதே அலகு வந்தபோது அரைப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வகுப்பு இதைப் பேசினேன். முதலில் கேள்வி கேட்டவள் அப்போது வேறு வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள். ஆனாலும் வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மாணவி தன் வீட்டு மாடியில் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு வாரம் கட்டிவைத்து எடுத்துவந்தாள். இன்னொருத்தி வேறு தெருவில் இருந்து ஒன்று. மேசையில் அருகருகே விரித்தோம்.

உள்மதிப்பீட்டுத் தேர்வில் துறையின் பொது வினாத்தாள்தான் வந்தது. ‘தன்னார்வ ஒப்பந்தங்களின் நன்மைகளை விளக்குக’, பத்து மதிப்பெண். விடைக்குறிப்பில் ஐந்து நன்மைகள் இருந்தன: செலவு குறைவு, நெகிழ்வு, விரைவு, நல்லுறவு, புதுமை. ஏழெட்டு விடைத்தாள்களில் கொடியில் தொங்கிய துணியும் ஐந்தாவது விதியும் இருந்தன. குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போடக்கூடாது என்பது நடைமுறை. போட்டேன். துறைத்தலைவர் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு கைக்குட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனேன்.